வராந்தாவை அடைத்த வியாழக்கிழமை

இவ்வளவு நாற்காலி இருந்தும் ஆட்கள் ஏன் உள்ளே வருவதில்லை என்று ஆலிசன் கேட்டார்.

அவர் வெலிங்டனிலிருந்து வந்திருந்த ஆலோசகர். தொங்காவின் வடக்குத் தீவுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்த நாள் முதல் விமான நிலையத்தில் உட்கார்ந்து ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தார். இப்போது மேசைமேல் மூன்று வரைபடங்களை விரித்திருந்தார். மின்விசிறி அவற்றைத் தூக்கியது. ஒரு மூலையில் மனாசே தன் கைப்பேசியை வைத்தான். இன்னொரு மூலையில் நிலைய மேலாளர் சேமிசி தன் தேநீர்க் கோப்பையை வைத்தார்.

"விமானம் கிளம்பற நேரம்தான் கூட்டம் அதிகம். ஆனா அப்பக்கூட கூடம் பாதி காலி. எல்லாரும் வராந்தாவுல நிக்கறாங்க. அதுவும் நிரம்பினா மாமரத்தடியில. வெயில்ல, மழையில. ஏன்?"

"நாற்காலி சின்னது. எங்க ஆளுங்க பின்பக்கம் பெரிசு," என்றார் சேமிசி.

ஆலிசன் சிரித்தார். பிறகு மனாசேயைப் பார்த்தார். அவன் பொதுப்பணித் துறைப் பொறியாளன். அரசாங்கத்தின் சார்பில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவன் அவன்.

"காத்தாட நிக்கப் பிடிக்கும்," என்றான் மனாசே.

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

அக்கா தங்கை இருக்கும் அறையில் அண்ணன் தம்பி உட்கார மாட்டான். வீட்டிலும் அப்படித்தான், விமான நிலையத்திலும் அப்படித்தான். கூடப்பிறந்தவள் மட்டும் இல்லை, பெரியப்பா மகள், சித்தி மகள் எல்லோரும் அக்கா தங்கைதான். கூடத்தில் இருபது பெண்கள் வந்து உட்கார்ந்தால் ஊர் ஆண்களில் பாதிப் பேருக்கு உள்ளே இடமில்லை. அவர்கள் வெளியே போய் நிற்பார்கள். அதை ஒரு குறை என்று யாரும் நினைத்ததில்லை.

ஆலிசனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். கிறைஸ்ட்சர்ச்சில் படித்தபோது கூடப்படித்தவனிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வயதிலிருந்து நானும் என் அக்காவும் ஒரே அறையில் உட்கார்ந்ததில்லை என்றான். கேட்டவன் முகம் மாறிவிட்டது. உனக்கு என்ன பண்ணினாள் என்று மெதுவாகக் கேட்டான். ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் அது குடும்பச் சண்டையாகத்தான் போய் நிற்கிறது. அதற்குப் பிறகு மனாசே யாரிடமும் சொன்னதில்லை.

வரைபடங்களில் மூன்றாவது, ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு புதுக் கட்டடம். அதற்குப் பணம் வராது. ஒப்புக்குப் போட்டது. முதலாவது, இருப்பதை வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றுவது. இரண்டாவதுதான் ஆலிசனுக்குப் பிடித்திருந்தது. வராந்தாவை இடித்துவிட்டு அந்த இடத்தையும் சேர்த்து ஒரே பெரிய கூடம். சுற்றிலும் கண்ணாடி. உள்ளே குளிர்சாதனம்.

"வியாழக்கிழமை பெரிய விமானம். அன்னிக்கு ஒரு நாள் வராந்தாவைக் கயிறு கட்டி அடைச்சுப் பாக்கலாம். எல்லாரும் உள்ள வந்தா எப்படி இருக்குன்னு தெரியும். நீங்க சரின்னா."

சேமிசி கோப்பையை எடுத்தார். வரைபடத்தின் மூலை சுருண்டது. அவர் மனாசேயைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"சரி," என்றான் மனாசே.

அன்று மாலை செய்னி வந்தாள். அவன் அக்கா லோசேலியின் மகள். இருபத்தைந்து வயது. தாய்மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அதை அவள் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

"மாமா, இந்த மீன் டின் எனக்கு."

"எடுத்துக்கோ."

"கேக்கல. சொன்னேன்."

இரண்டு டின்களைப் பையில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். அப்புறம் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"விசா வந்துடுச்சு. வியாழக்கிழமை கிளம்பறோம்."

"இந்த வியாழனா?"

"ஆமா. தலைநகரம் போய், அங்கிருந்து ராத்திரி ஆக்லாந்து. அண்ணன் வீட்டுக்கு."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"அங்க கிட்னி மெஷின்ல போட்டா கொஞ்ச நாள் ஓட்டலாமாம். போடுவாங்களான்னு தெரியாது. பேரப்பிள்ளைங்களோட இருக்கட்டும்ங்கறார்." டின்னை உருட்டினாள். "அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா மாமா?"

"அவளுக்குத் தெரியுமா?"

"பெட்டியில முதல்ல என்ன வச்சா தெரியுமா? மரப்பட்டைத் துணி. கடைசியில தனக்குப் போத்தறதுக்கு. ஏம்மா இப்படின்னு கேட்டா, அங்க நல்லதா கிடைக்காதுங்கறா. கிடைச்சாலும் யானை விலை சொல்வானாம்."

மனாசேக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றது.

"உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா அம்மாகிட்ட?"

எப்போதும் இப்படித்தான். அக்காவிடமிருந்து அவனுக்கு வருவதும், அவனிடமிருந்து அக்காவுக்குப் போவதும் யாராவது ஒருவர் வாய்வழியாகத்தான். முன்பு அம்மா. இப்போது செய்னி. மீன் வந்தது, சேம்பு போனது. அவன் வேலையில் சேர்ந்தபோது ஒரு பாய் வந்தது. அவளே முடைந்தது. அவள் கணவன் இறந்தபோது அவன் பன்றி அனுப்பினான். அக்காவைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் பெரும்பாலும் குரல்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல். தேவாலயத்தில் பாடகர் குழுவிலிருந்து வரும் குரல். அங்கே மட்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கலாம்; அவன் முன்வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

"உடம்பைப் பாத்துக்கச் சொல்லு," என்றான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

செய்னி போகும்போது அவன் குளிர்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எட்டு வயதில், பவழப்பாறையில் ஓடியபோது குதிகாலில் கடல்முள் ஏறியது. லோசேலி அவனைக் கரைக்குத் தூக்கி வந்து, முள்ளைப் பல்லால் கடித்து இழுத்துத் துப்பினாள். அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அவனுக்கு நினைவிருந்தது. அதற்குச் சில வருடங்கள் கழித்து அப்பா அவனைப் பையன்கள் படுக்கும் குடிசைக்கு அனுப்பினார். அதன்பிறகு அந்த முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை. அது மரியாதை. அவளைவிட உயர்ந்தவர் அவனுக்கு யாரும் இல்லை. அதனால் பார்க்கவில்லை.

அவள் சவப்பெட்டியில் திரும்பி வருவாள். அப்போது அவன் என்ன செய்வான் என்பதும் அவனுக்குத் தெரியும். துக்கத்துக்குக் கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் குழி அடுப்பில் நிற்பான். கூட்டத்துக்குச் சமைப்பான். அவள் மேலானவள், அவன் கீழானவன். கீழானவர்கள் உடல் பக்கத்தில் போக மாட்டார்கள். புகைக்குள் நிற்பார்கள். அப்போதும் முகத்தைப் பார்க்க முடியாது.

அதனால் வியாழக்கிழமைதான் கடைசி.

ஆலிசனைக் கூப்பிட்டு, கயிறு வேண்டாம், வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லக் கைப்பேசியை எடுத்தான். எண்ணைப் பாதி அழுத்தினான். அப்போது இன்னொன்று தோன்றியது. வராந்தா அடைத்திருந்தால் அவன் உள்ளே இருந்தாக வேண்டும். எண்ண வேண்டும். அது அரசாங்க வேலை. அதை யாரும் தப்பாகச் சொல்ல முடியாது. அவள் எதிரே ஒரு நாற்காலியில் உட்காரலாம். பேச வேண்டும் என்றுகூட இல்லை.

கைப்பேசியை வைத்துவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டில் ஜெபம். உள்ளே பெண்கள். முற்றத்தில் ஆண்களோடு உட்கார்ந்து அவன் காவா வேர்ச்சாறு குடித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் லோசேலி இருமினாள். ஒரு தடவை சிரித்தாள். எதற்கு என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலையில் மழை பிடித்தது. சேமிசி வராந்தா நெடுக நீலக் கயிறு கட்டினார். கூடத்தின் கதவுகளை விரியத் திறந்து வைத்தார். ஆட்கள் வந்தார்கள். பழம் பறிக்க ஆஸ்திரேலியா போகும் பையன்கள், அவர்களை வழியனுப்பும் அம்மாக்கள், அத்தைகள், மாலைகள், வெந்த சேம்பு கட்டிய பொட்டலங்கள். பெண்கள் உள்ளே போனார்கள். ஆண்கள் கயிற்றைப் பார்த்தார்கள்.

"என்ன இது சேமிசி?" என்றான் பெனி. மீன் சந்தையில் பெட்டி தூக்குபவன். கதவளவு அகலம். "என் தங்கச்சி உள்ள இருக்கா. என்னை எங்க நிக்கச் சொல்றே?"

"மாமரத்துல ஏறு."

"கிளை தாங்காது."

"அப்ப வண்டியில போய் உக்காரு. வெளிநாட்டம்மா எண்றாங்க."

"என்னத்தை எண்றாங்க?"

"தெரியல. உன் எடையா இருக்கும்."

பெனி திட்டிக்கொண்டே மழையில் போனான். மற்றவர்களும் போனார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஆண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் மூச்சு படிந்தது. தம்பியை வழியனுப்ப வந்தவன் ஒருவன் வண்டிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி ஆட்டினான்.

ஆலிசன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள இடம் இருக்கே. ஏன் வண்டிக்குள்ள போறாங்க?"

"வருவாங்க," என்றான் மனாசே.

அவன் கையில் எண்ணும் கருவி இருந்தது. விரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும். மறுகையில் அட்டை. தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

லோசேலியின் வண்டி வந்தது. செய்னியும் இன்னொருவரும் அவளை இறக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மனாசே அலுவலக அறைக்குள் போய் நின்றுகொண்டான். நாற்காலி சிமெண்டில் உருளும் சத்தம் கேட்டது. கூடத்துக்குள் போய் நின்றது. பெண்கள் அவளைச் சுற்றி வந்து முத்தமிட்டார்கள், அழுதார்கள். மாலை போட்டார்கள்.

கொஞ்சம் பொறுத்தான். பிறகு கதவருகே வந்தான். சேமிசி அங்கே நின்றிருந்தார்.

"உள்ள போகப் போறியா?" என்றார் தாழ்ந்த குரலில்.

"வேலை."

சேமிசி அவன் சட்டையைப் பார்த்தார். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "வேலைன்னா சரி," என்று விலகி வழிவிட்டார்.

அவன் உள்ளே போனான். வாசலருகே இருந்த வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தான். கருவி சத்தம் போட்டது. பெண்களின் பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றது. அவன் யார் தம்பி என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது வரிசை. மூன்றாவது. அவள் பின்தலை தெரிந்தது. முடி நரைத்து மெலிந்திருந்தது. அவளுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவளைச் சுற்றிக்கொண்டு அதை நோக்கிப் போனான். கை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தது.

சத்தம் கேட்டு லோசேலி நிமிர்ந்தாள்.

முகம் வீங்கியிருந்தது. கண்ணைச் சுற்றித் தோல் பளபளத்தது. அம்மாவின் முகம்போல இருந்தது. பிறகு அவள் முகமாகவே இருந்தது. அவன் அழுத்துவதை நிறுத்தினான். அவள் அவனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு அவள் பார்வை இறங்கி அவன் கையிலிருந்த கருவிக்குப் போனது. அட்டைக்குப் போனது. அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒரு பதற்றம் வந்தது, பெரியவர் இடத்தில் தெரியாமல் உட்கார்ந்துவிட்ட சிறுபிள்ளைக்கு வருவதுபோல.

செய்னியிடம் ஏதோ சொன்னாள். செய்னி வேண்டாம் என்று தலையாட்டினாள். லோசேலி நாற்காலியின் கையைப் பிடித்துத் தானே எழுந்தாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். ஓடுதளத்துக்குப் போகும் கதவருகே நின்ற பையன் திறக்கலாமா என்று சேமிசியைப் பார்த்தான். சேமிசி தலையசைத்தார். கதவு திறந்தது. அவள் மழைக்குள் போனாள். பெட்டி ஏற்றும் தள்ளுவண்டி ஒன்று காலியாக நின்றது. அதன்மேல் உட்கார்ந்து முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தாள்.

"அக்கான்னா இப்படி இருக்கணும்," என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். "இந்த உடம்போட."

"ஆமா. யார் செய்வா இந்தக் காலத்துல?"

மனாசே அசையவில்லை. அந்தக் கதவுக்கு அப்பால் பயணிகள் மட்டும்தான் போகலாம். அந்த விதியை எழுதியவன் அவன்தான். போக முடிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. அவளைத் துரத்திக்கொண்டு போனதாக ஆகும்.

செய்னி திரும்பி வந்தாள். வெளியே அம்மாவோடு நின்றதில் நனைந்திருந்தாள்.

"மாமா, அம்மா சொல்லச் சொன்னா. தம்பிக்கு வேலை இருக்கு, நான் உக்காந்திருந்தா அவன் நிமிந்து எண்ண முடியாதுன்னு." மூச்சு வாங்கினாள். "மன்னிச்சுக்கணுமாம். இன்னிக்கு நீங்க உள்ள வருவீங்கன்னு தெரியாதாம். தெரிஞ்சிருந்தா முதல்லயே வெளிய இருந்திருப்பாளாம்."

உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். எண்ண வரவில்லை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. செய்னி அதைக் கொண்டுபோய்ச் சொல்லிவிடுவாள். ஆனால் அப்படிச் சொன்னால், அவள் மழையில் போய் உட்கார்ந்தது எதற்கு என்று ஆகிவிடும். ஊரே பார்த்து வியந்த ஒன்றை அவன் வெறும் தவறாக மாற்றிவிடுவான். அதைச் சுமந்துகொண்டு அவள் விமானம் ஏற வேண்டும்.

"மாமா?"

"சரின்னு சொல்லு."

அவளுக்குக் கொடுத்தனுப்பத் தன் மழைக்கோட்டை எடுக்க அலுவலக அறைக்குள் போகத் திரும்பினான். ஆணியில் தொங்கிய அதைச் செய்னி அவனுக்கு முன்பே எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

விமானம் வந்தது. ஆட்கள் ஏறினார்கள். லோசேலியை இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். மேலே போய்ச் சேரும்வரை அவள் திரும்பவில்லை. விமானத்தின் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. இரைச்சல் எழுந்தது, நீண்டது, பிறகு மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

வண்டிகளிலிருந்து ஆண்கள் இறங்கினார்கள். பெனி நீலக் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்துப் போட்டான். யாரும் தடுக்கவில்லை.

ஆலிசன் தன் குறிப்புகளோடு வந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல. ஒரு அம்மா, உடம்பு சரியில்லாதவங்க, மழையில எழுந்து வெளிய போனாங்களே. உள்ள இடம் இருந்துச்சு. ஏன் போனாங்க?"

சேமிசி கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்தினார். மனாசே கண்ணாடிக் கதவைப் பார்த்தான். தள்ளுவண்டியில் தண்ணீர் தேங்கியிருந்தது.

"புழுக்கம்," என்றான். "உள்ள காத்து வரல."

"அதான் நானும் நினைச்சேன்." அவர் எழுதிக்கொண்டார். "அப்ப இரண்டாவது திட்டம்தான் சரி. குளிர்சாதனம் இருந்தா யாரும் வெளிய போக மாட்டாங்க."

சேமிசி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனாசேயின் முகத்தைப் பார்த்தார். கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆலிசன் வரைபடத்தை நீட்டினார். அவன் கையெழுத்துப் போடவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்றான். நாளைக்கும் எதைச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தீவின் ஆண்கள் எல்லோரும் வண்டிக்குள்ளிருந்து கை நீட்டுவார்கள். ஆனால் அதைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

மதியம் தாண்டிக் கைப்பேசி அடித்தது. செய்னி. தலைநகரில் இறங்கியிருந்தார்கள். அடுத்த விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

"அம்மா நல்லா இருக்காளா?"

"குளிருதுங்கறா. உங்க கோட்டுலதான் இருக்கா. கழட்ட மாட்டேங்கறா." அவள் குரல் கொஞ்சம் விலகியது. பின்னால் யாரோ பேசினார்கள். தளர்ந்த, கரகரத்த குரல். ஆனால் அவனுக்கு நன்றாகத் தெரிந்த குரல். செய்னி திரும்பி வந்தாள். "மாமா, அம்மா கேக்கறா. எண்ணிக்கை சரியா வந்துச்சான்னு."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

"வந்துச்சுன்னு சொல்லு."

"வந்துச்சாம்மா."

அந்தப் பக்கம் மறுபடியும் குரல் கேட்டது.

"தன்னால ஒண்ணும் தப்பாயிடலையேன்னு கேக்கறா."

"இல்ல," என்றான். "அவளாலதான் சரியா வந்துச்சுன்னு சொல்லு."

செய்னி சொன்னாள். லோசேலி, நல்லது, நல்லது, என்றாள். பிறகு இருமினாள். அவன் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். செய்னி வைக்கும்வரை கேட்டான்.